விமானத்தில் வெள்ளணி நாள்

பிறந்தநாளன்று விமானத்திலே பயணம் செய்யும் ஒருவர், அந்நாளை முன்னிட்டு, ஏனைய பயணிகளுக்கு இல்லாததோர் உபசாரத்தை அவ்விமானத்தாரிடம் எதிர்பார்க்கலாமா? இப்படி ஒரு வினா இப்பொழுது நம்மவரிடையே எழுந்திருக்கிறது. சிரித்துவிட்டு அப்பாற் செல்லத்தக்க வினாவன்று இது. உபசாரம், உரிமை, கொடை என்னும் மூன்று சொற்களை நாம் எங்ஙனம் குழப்பிக்கொள்கிறோம் என்பது இதனுள்ளே கிடக்கிறது.

விமானம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிய பொருளன்று. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் ‘எயர் சிலோன்’ தனது முதற் பயணத்தை நடத்தியபொழுது, இரத்மலானையிலே எழுந்த அந்த டக்கோட்டா விமானம் பலாலியில் இறங்கியே சென்னைக்குப் போயிற்று. இந்நாட்டு விமானக் கம்பனி பிறந்த நாளே நமது செம்மண்ணைத் தொட்ட நாள்தான் என்க. பின்னர் நடந்தவற்றை வாசகர் அறிவர். 1990இலே வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டு எழுந்தனர். 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட ஒரு விமானம் ஐம்பத்தைந்து உயிர்களுடன் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. போர் ஓய்ந்து பல்லாண்டுகள் கழிந்த பின், 2019 ஒக்டோபர் 17இல் பலாலி ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தொடங்கிய சென்னைச் சேவை, அடுத்த மார்ச்சிலே கொரோனாவினால் நின்றது. 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரிலே இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கிற்று. 2025 மார்ச் இறுதியிலே திருச்சிராப்பள்ளிக்கும் வழி திறந்தது. கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் நம் வீட்டு அலுமாரிகளிலே பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டன. ஆதலால், விமானத்தாரிடம் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்னும் ஆராய்ச்சி நமக்கு வேண்டியதே.

நல்லூர்த் திருவிழாவுக்கென ஐரோப்பாவிலிருந்து வந்த என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். நல்ல பிள்ளை, நன்னூற் சூத்திரம் ஒப்புவிப்பதிலே வகுப்பில் முதல்வராயிருந்தவர். வந்தவர் முகம் சற்று வாடியிருந்தது. காரணம் கேட்டேன்.

“ஐயா, வந்த அண்டைக்கு எனக்கு நாப்பதாவது பிறந்தநாள். பத்துப் பதினொரு மணித்தியாலம் அவையின்ர பிளேனுக்குள்ளதான் இருந்தனான். ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லேல்லை.”

“அவைக்கு எப்பிடித் தெரியும்?”

“கடவுச்சீட்டிலை இருக்குத்தானே ஐயா. ரிக்கற் எடுக்கேக்கையும் குடுத்தனான்.”

“நீர் வாய்திறந்து சொன்னனீரோ?”

“நான் ஏன் ஐயா சொல்லோணும்? அவையெல்லோ பார்த்துச் செய்யோணும்!”

‘பார்த்துச் செய்தல்’ என்பது யாழ்ப்பாணத்து வழக்கிலே மிக ஆழமான தொடர். கலியாணப் பேச்சிலே மாப்பிள்ளை வீட்டார், “நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை, நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ” என்பர். அதைக் கேட்ட பெண்ணின் தகப்பன் அன்றிரவு உறங்கான். இவ்வளவு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால், ‘இயலாது’ என்று சொல்லவாவது இடமுண்டு. கேளாத எதிர்பார்ப்புக்கு மறுமொழி இல்லை, அளவும் இல்லை. எவ்வளவு செய்தாலும் ‘பார்த்துச் செய்யவில்லை’ என்ற குறை எஞ்சி நிற்கும். என் மாணவர் சீதனம் வாங்காமல் மணஞ்செய்தவர். அவரே விமானத்துள் மாப்பிள்ளை வீட்டார் ஆகிவிட்டார்!

அவர் சொன்னதிலே ஓர் உண்மை உண்டு. நம்முடைய பிறந்த தேதி விமானத்தார் கையில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது அங்கே ஏன் இருக்கிறது? அமெரிக்கா 2009ஆம் ஆண்டு தொடக்கம், பயணியின் முழுப் பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பன அனைத்தையும் பயணத்துக்கு முன்னரே வாங்கி, தடைசெய்யப்பட்டோர் பட்டியலோடு ஒப்புநோக்குகிறது. ஏனைய நாடுகள் பலவும் இவ்வாறே செய்கின்றன. ஒரே பெயருடையார் இருவரில் ஒருவரை மற்றவரென மயங்காதிருக்கப் பிறந்த தேதி உதவும். தகப்பன் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் வைத்து, அவற்றுள் எது குடும்பப் பெயர் என்று எந்நாட்டு உத்தியோகத்தர்க்கும் விளங்காமல் வைத்திருக்கும் நமக்கு இது பெரிய உதவியே. எனினும், அது காவற்காரன் கேட்டுக் குறித்துக்கொண்ட தேதி. மாமி கேட்டுக் குறித்துக்கொண்ட தேதியன்று. வீட்டு வாசலிலே பெயர் பதிந்த காவற்காரன் பின்னர்ப் பாயசம் கொண்டுவரவில்லை என்று குறைப்படுவார் உண்டோ?

விமானத்தார் உண்மையாகவே கணக்கில் எடுக்கும் பிறந்தநாள்கள் இரண்டு உள்ளன. ஒன்று இரண்டாம் வயது நிறையும் நாள். மற்றது பன்னிரண்டாம் வயது நிறையும் நாள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை தாய்மடியிலே இருந்து சிறு கட்டணத்தோடு போகலாம். இரண்டு நிறைந்தால் தனி இருக்கை வேண்டும். போகும்பொழுது மடியில் இருந்த பிள்ளைக்கு இடையிலே பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும்பொழுது இருக்கைக்குக் காசு கட்டவேண்டும். பெரும்பாலான நிறுவனங்களிலே பன்னிரண்டு நிறைந்ததும் சிறுவர் கட்டணம் போய் முழுக் கட்டணம் வரும். ஆக, விமானத்தார் மறவாமற் கொண்டாடும் இரண்டு பிறந்தநாளிலும் நமக்குக் கிடைப்பது கட்டண உயர்வே. என் மாணவருடைய நாற்பதாவது பிறந்தநாளை அவர்கள் கவனியாது விட்டமை அவருடைய நற்பேறு என்றுகூடச் சொல்லலாம்.

பிறந்தநாளுக்கு விமானத்தார் வாரி வழங்கிய கதையும் ஒன்று உண்டு. 2017 ஜூன் 18ஆம் நாள், சவூதி அரேபியாவின் தம்மாமிலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட ஜெற் எயர்வேஸ் விமானத்திலே, நடுவானில் ஒரு தாய்க்கு ஆண்குழந்தை பிறந்தது. விமானப் பணியாளரும், பயணிகளுள் இருந்த தாதி ஒருவரும் துணைநின்றனர். விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டது. தாயும் சேயும் நலம். மகிழ்ந்த நிறுவனம், அக்குழந்தை வாழ்நாள் முழுவதும் தன் விமானங்களிலே இலவசமாகப் பறக்கலாம் என்று அறிவித்தது. உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதின. 2019 ஏப்ரல் 17ஆம் நாள், கடன் மிகுதியால் அந்நிறுவனத்தின் விமானங்கள் பறத்தலை நிறுத்தின. குழந்தைக்கு இரண்டு வயது நிறைய அப்பொழுது இரண்டு மாதமும் ஒரு நாளும் இருந்தன. கட்டணம் என்ற ஒன்று அதற்கு உண்மையாகத் தொடங்குமுன்னரே இலவசம் முடிந்துவிட்டது! வாழ்நாள் என்று சொன்னார்கள்; யாருடைய வாழ்நாள் என்று சொல்லவில்லை. அன்று நடுவானிலே தம் கடமைக்கு மேலாகவும் நின்று அத்தாய்க்கு உதவிய பணியாளரின் செயல் மாத்திரம் குறைவுபடாமல் நிற்கிறது. அதனை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

இனி, எந்தப் பிறந்தநாள் என்று ஒரு கேள்வி. நம் வீடுகளிலே பிறந்தநாள் என்பது மாதமும் நட்சத்திரமும் கூடிய நாள். என் மாணவருடைய தாயார், மகன் வரமுன்னரே, ஆடி மாதத்து அவர் நட்சத்திரத்திலே நல்லூரில் அர்ச்சனை செய்வித்துவிட்டார். தாயின் கணக்கிலே அவருக்கு நாற்பது நிறைந்து பத்து நாளாயிற்று. வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணித பஞ்சாங்கம் ஒன்று என இரண்டு வைத்துக்கொண்டு, விரதநாளிலேயே இடையிடை பிணங்குவோர் நாம். விமானத்தார் எதனைப் பார்ப்பது? சர்வதேசத் திகதிக்கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடப்பவருக்கு ஒரு நாள் இருமுறை வரும். மேற்கு நோக்கிக் கடப்பவருக்கு ஒரு நாள் இல்லாமலே போகும். சமோவா நாட்டார் 2011 டிசெம்பர் 30ஆம் நாளையே தம் நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டனர். அந்நாளிற் பிறந்த சமோவர் எல்லார்க்கும் அவ்வாண்டு பிறந்தநாள் இல்லை. அகதிகளாய் அமெரிக்கா சேர்ந்த ஆப்கானியர், சோமாலியர் முதலியோருள் தம் பிறந்த தேதியைச் சான்றுகாட்ட இயலாதார் பலருக்குப் பத்திரங்களிலே ஜனவரி 1 என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒரு விமானத்திலே அத்தகையார் முப்பதுபேர் புத்தாண்டன்று ஏறினால் முப்பது பலகாரத் தட்டு வேண்டும். அத்தட்டைப் பெற்றவர் முகம் மலருமா, தாம் இழந்த ஊரையும் தாயையும் நினைந்து வாடுமா என்பது வேறு.

அதே சமோவாவிலே 1891இல் நடந்த ஒன்றை இலக்கிய மாணவர் அறிந்திருத்தல் நன்று. ‘புதையற்றீவு’ எழுதிய ரொபேர்ட் லூயி ஸ்ரீவன்சன் அப்பொழுது அங்கே வாழ்ந்தார். அமெரிக்க உத்தியோகத்தர் ஒருவரின் சிறுமகள் கிறிஸ்மஸ் நாளிற் பிறந்தவள். ஆதலால் தனக்கென்று ஒரு பிறந்தநாட் கொண்டாட்டம் இல்லையே என்று வருந்தினாள். ஸ்ரீவன்சன் உறுதிப்பத்திரம் ஒன்று எழுதி, நவம்பர் 13 என்னும் தம் பிறந்தநாளையே அச்சிறுமிக்கு நன்கொடையாக்கினார். முல்லைக்குத் தேர் ஈந்தவனைப் பாடிய மொழியினர் நாம். இக்கொடையின் சுவை நமக்கு விளங்காமற் போகாது.

பிறந்தநாளும் கொடையும் தமிழிலே பழைய உறவினர். தொல்காப்பியம் புறத்திணையியலிலே, பாடாண்டிணையின் பகுதியாக, அரசனுடைய பிறந்தநாள் மங்கலம் சொல்லப்படுகிறது. நாண்மங்கலம் என்பது அதன் பெயர். அந்நாளில் அரசன் வெள்ளுடை உடுத்தலால் அது வெள்ளணி நாள் எனவும்படும். அன்று அரசன் செய்வது யாது? சினத்தை ஒழிக்கிறான். சிறைப்பட்டாரை விடுகிறான், கொலைத்தண்டம் இல்லை, இரவலர்க்குக் கொடுக்கிறான். பிறந்தநாளுக்கு உரியவன் பெறுபவன் அல்லன், தருபவன். இந்தத் திசைதான் முக்கியம். ஆங்கில முடியும் இம்மரபைத் தன் முறையிலே வைத்திருக்கிறது: மன்னர் பிறந்தநாளென்று பட்டமும் விருதும் பெறுவோர் பிறரே. நம் தீவிலே வெசாக் நாள், புத்தர் பிறந்தநாள். அன்று வீதியோரமெங்கும் ‘தன்சல்’ என்னும் அன்னதானம். சிறைக்கைதிகள் சிலருக்குப் பொதுமன்னிப்பு. பெயர் வேறாயினும் அது வெள்ளணி நாளேயாம். (அந்நாளிலே, விடுதலை பெறுவார் பட்டியலில் தம் பிள்ளையின் பெயர் இல்லையென்று கண்டு திரும்பும் தமிழ்த் தாய்மாரையும் நான் அறிவேன். அதனை இங்கே விரிக்கப் புகுந்தால் கட்டுரை வேறாகும்.)

வெளிநாட்டிலுள்ள நம்மவர் பலர் இம்மரபை அறிந்தோ அறியாமலோ காத்து வருகின்றனர். தம் பிறந்தநாளிலே ஊரிலுள்ள சிறுவர் இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒருநேரச் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். என் மாணவரும் அனுப்புபவரே. அவரிடத்திலே வெள்ளணி வேந்தனும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருங்கே குடியிருக்கிறார்கள். நம் எல்லாரிடத்தும் அப்படித்தான்.

ஆனால், கொடையும் வழக்கமாகிவிட்டால் வரியாகிவிடும். இதனை நான் கற்றது ஏட்டிலன்று, வகுப்பறையிலே. பிறந்தநாளன்று பிள்ளை புதுச்சட்டையோடு வந்து, வகுப்புக்கெல்லாம் ரொபி கொடுக்கும். அழகான வழக்கம். கொடுக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் வெள்ளணி நாள் இன்னதென்று விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பிலே, ஒருநாளும் வரவு தவறாத ஒரு பையன் ஒருநாள் வரவில்லை. வரவு இடாப்பைப் பார்த்தபொழுது அது அவன் பிறந்தநாள் என்று கண்டேன். தகப்பன் கடற்றொழில், அந்தக் கிழமை கடல் கொந்தளிப்பு. முப்பத்தாறு ரொபிக்குக் காசில்லாத பிள்ளை, தான் பிறந்த நாளிலே ஒளித்திருந்தான். அவனிடம் எவரும் ரொபி கேட்டிருக்கமாட்டார்கள். எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அன்று தொடக்கம் என் வகுப்பிலே ரொபிக்குப் பதிலாகப் பிறந்தநாட் பிள்ளை தனக்குப் பிடித்த செய்யுள் ஒன்றை நின்று சொல்ல வேண்டும் என்று வைத்தேன். முதலிற் சிலர் முகஞ்சுளித்தனர். இப்பொழுது சிலர் இரண்டு செய்யுள் சொல்கிறார்கள்.

விமானத்துக்கு வருவோம். விமானப் பணிப்பெண்ணும் பணியாளனும் உபசாரத்துக்கென்றே அங்கே நிற்பவர் என்பது பலருடைய எண்ணம். அவர்கள் அங்கே நிற்பதற்கு முதற்காரணம் பாதுகாப்பு. ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்பது பல நாடுகளிலே வழங்கும் விதி. தீயோ புகையோ எழுந்தால் கதவு திறந்து மக்களை வெளியேற்றுவதற்கென விதித்த தொகை அது. பலாலிக்கு வரும் ஏ.ரி.ஆர். 72 வகை விமானத்திலே இருக்கை எழுபதுக்குச் சற்று மேல். ஆகவே இருவர் நிற்பர். பயணம் ஒருமணி நேரமும் சிறிது பொழுதும். ஏறுதற்கும் இறங்குதற்கும் உரிய நேரத்திலே அவர்களும் கச்சை பூட்டி அமர்ந்திருத்தல் வேண்டும். எஞ்சிய சிறுபொழுதிலே தண்ணீர் கொடுத்து, முதியவர் கேட்பதற்கு மறுமொழி சொல்லி, குப்பை சேகரித்து முடிப்பதற்குள் கீரிமலைக் கடல் தெரிந்துவிடும். இவ்விருவரிடத்திலே இன்று யார் யார் பிறந்தவர் என்று பார்த்துச் செய்யும் கடமையையும் ஏற்றுவது நீதியன்று. நீண்ட தூரம் பறக்கும் நிறுவனங்கள் சிலவற்றிலே முன்கூட்டியே சொல்லிவைத்தால் ‘கேக்’ கொண்டுவந்து தருவார்கள். கேட்டுப் பெறுவதிலே குற்றமில்லை. விமானத்துள்ளே தீ மூட்டுதல் ஆகாது. ஆதலின் மெழுகுதிரியை ஊதி அணைக்கும் சடங்கேனும் அங்கே இல்லை என்பது எனக்கு ஒரு சிறு ஆறுதல்.

‘வரிசை’ என்றொரு சொல் நம்மிடம் உண்டு. சங்கத்துச் சான்றோர் வாக்கிலே அது தகுதிக்கேற்பச் செய்யும் சிறப்பு. கபிலர், மலையமான் திருமுடிக்காரியைப் பார்த்து, புலவர் எல்லாரையும் ஒரே தன்மையாக நோக்குதலை விடுக என்று சொன்னது இவ்வரிசை குறித்தே. கொடுத்தல் எளிது, வரிசை அறிதல் அரிது என்பது அவர் கருத்து. இன்று நாம் வரிசை என்றால் ஒருவர் பின் ஒருவராய் நிற்பது. 2022இல் எரிபொருளுக்கு நின்றோமே, அது. சிறப்பைக் குறித்த சொல் சமத்துவத்தைக் குறிக்க வந்துவிட்டது. இரண்டு பொருளும் நமக்கு வேண்டும். நல்லூரிலே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். மேலங்கி களைந்து நிற்கும் ஆடவரிலே யார் கணக்காளர், யார் கடற்றொழிலாளி என்று தெரியாது. பூசை மணி எவருக்காகவும் பிந்துவதில்லை. பெயரும் நட்சத்திரமும் எல்லார்க்கும் ஒரே குரலிற் சொல்லப்படும். பிறந்தநாளுக்கு இத்தகைய வரிசை போதும்.

கபிலர் சொன்ன வரிசைக்கும் விமானத்திலே இடமுண்டு. சென்னை ஆசுபத்திரியிலே சத்திரசிகிச்சை முடித்து வையிற்றைப் பொத்திக்கொண்டு இருப்பவர் அங்கே இருப்பார். கனடாவிலிருந்து மூன்று விமானம் மாறி, தாயின் முகம் பார்க்க நேரம் போதுமோ என்று மணிக்கூட்டையே நோக்கி வருபவர் இருப்பார். தமிழ்நாட்டு முகாமிலே முப்பது ஆண்டு இருந்து, வீடிருந்த காணியைத் தேடித் திரும்புபவர் இருப்பார். அவர் தேடும் காணி ஒருவேளை அந்த ஓடுபாதைக்கு அப்பாலேயே இருக்கும். இவர்களுள் எவருக்கும் அன்று பிறந்தநாளாயிருக்க வேண்டுவதில்லை. பணியாளர் பார்த்துச் செய்யத்தக்கவர் இவர்களே. அவ்விருவருடைய நேரமும் கனிவும் அளவுடையன. ஓரிடத்திற் செலவானால் மற்றோரிடத்திற் குறையும்.

பணியாளர் ஒருவர் தாமே கண்டு, ‘இன்று உங்கள் பிறந்தநாளா?’ என்று புன்னகைத்தால், அது நன்று. நன்றி சொல்லி ஏற்றுக்கொள்க. நிறுவனத்தின் கணினி தானே அனுப்பும் வாழ்த்தை அத்தோடு எண்ணவேண்டாம். மழைக்கும் குழாய்க்கும் உள்ள வேறுபாடு அது.

பயணி உரிமையோடு எதிர்பார்க்க வேண்டியன சில உண்டு. அவற்றை எதிர்பார்க்க நாம் கூசுகிறோம் என்பதுதான் வியப்பு. பொதி தொலைந்தாலும், பயணம் பிந்தி இழப்பு நேர்ந்தாலும் ஈடு கேட்பதற்கு 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை இடந்தருகிறது. கேட்பார் சிலரே. நடக்கவியலாத முதியவர்க்குச் சக்கரநாற்காலி முன்னரே சொல்லிப் பெறத்தக்கது. ‘ஏன் கரைச்சல் குடுப்பான்’ என்று படியிலே தடுமாறுகிறார்கள். சென்னைக்கும் பலாலிக்கும் இடையிலே பறக்கும் விமானத்தில், தமிழன்றி வேறு மொழி அறியாத கிழவி ஒருத்தி சாளரத்தருகே இருப்பாள். கச்சையை எப்படிப் பூட்டுவது, காற்றழுத்தம் குறைந்தால் முகமூடியை எப்படி இழுப்பது, எந்தக் கதவு தனக்கு அண்மையிலுள்ளது என்பனவற்றை அவள் தன் மொழியிலே, விளங்கும் வேகத்திலே, ஒவ்வொரு பயணத்திலும் கேட்கவேண்டும். கேளாதபோது எழுதிக் கேட்போம். நிறுவனத்தார்க்கு எழுதும் கடிதத்தைப் பிழையின்றி எழுதித் தர நம் மாணவர் இருக்கிறார்கள்.